கோள்மலி தென்னை

என் சுபாவத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சந்தேகக்காரன். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவர் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தால்கூட, எதற்காகக் கொடுத்தார் என்று இறங்கும் வரை யோசித்துக்கொண்டிருப்பேன். சிதம்பரத்தில் தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு, 2004-இல் மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் பிழை திருத்துபவனாகச் சேர்ந்தேன். சந்தேகக்காரனுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. எழுதியவன் எங்கோ தப்புப் பண்ணியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேதான் ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும். அப்படிப்பட்ட நான், என்னை ஐந்து வருஷம் அத்தை வீட்டு வாசலை மிதிக்கவிடாமல் செய்த ஒரு சொல்லை நானே எழுதி, நானே திருத்தி, நானே அச்சுக்கும் கொடுத்தேன். அதில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

அந்தச் சொல் கோள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கடலூர் செம்மண்டலத்தில் வீடு. மாமாவுக்கு முதுநகரில் ஹார்டுவேர் கடை. ஒரே மகள், எனக்கு முறைப்பெண். நான் காலேஜில் படிக்கும்போதே அப்பா போய்விட்டார். அதன்பிறகு அப்பா வழியில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு வீடுதான். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது பஸ் ஏறிவிடுவேன். அத்தை எனக்காகச் சங்கரா மீன் வாங்கி வைத்திருக்கும். வீட்டுக்குப் பின்னால் ஒரு தென்னை இருந்தது. அது காய்ப்பதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கும். ஒரு பாளையில் அத்தனை காய், அதற்கு மேலே இன்னொரு பாளை, அதற்கும் மேலே பிஞ்சு. கிளம்பும்போது அத்தை என் பையில் தேங்காயை அடைத்துவிடும். பையின் கைப்பிடி அறுந்து போகாமல் சிதம்பரம் வந்து சேர்ந்தால் என் அதிர்ஷ்டம்.

அத்தை மகளைக் கட்டிக்கொள்ள எனக்கு ஆசை இருந்தது என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் எனக்குப் பதிலாக முடிவு செய்துவைத்திருந்தார்கள். இருந்தது, உண்மைதான். ஆனால் கொஞ்சம். ஞாயிற்றுக்கிழமை கடலூர் பஸ்ஸில் வரும், திங்கட்கிழமை புரூஃப் கட்டைப் பிரித்ததும் போய்விடும். அச்சகத்தில் பிழை திருத்துகிறவனுக்குப் பெண் கேட்க வாய் வரவில்லை. அவர்களாகவும் கேட்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை நான் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை.

2007 ஆரம்பத்தில் அவளுக்கு இடம் கூடிவந்தது. கம்மாபுரத்துப் பையன், நெய்வேலிப் பக்கம் எலக்ட்ரீஷியன் வேலை. நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. நானும் தட்டு தூக்கினேன். கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது தரகர் அத்தை வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றுகொண்டு கேட்டாராம்.

"பொண்ணுக்கு வயித்த அறுத்து கர்ப்பப்பைய எடுத்துட்டாங்களாமே, நெசமா? மாப்ள வூட்ல கேக்கச் சொன்னாங்க."

நடந்தது இதுதான். அவள் பிளஸ் ஒன் படிக்கும்போது குடல்வால் வீங்கி, அவசரமாகப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். கல்யாணம் ஆக வேண்டிய பெண், வயிற்றில் தையல் இருக்கிறது என்று வெளியே தெரிந்தால் ஆளுக்கு ஒன்று கட்டிவிடுவார்கள் என்று அத்தை பயந்தது. அக்கம்பக்கத்தில் மஞ்சள்காமாலை என்று சொல்லி வைத்தார்கள். உண்மை தெரிந்தவர்கள் அத்தை, மாமா, என் அப்பா, ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோன நான். என் அம்மாவிடம்கூட நாங்கள் மஞ்சள்காமாலை என்றுதான் சொன்னோம். அம்மா இரக்கப்பட்டு மெனக்கெட்டுக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டது. அதை நானே வழியில் கொட்டினேன்.

மாமா ஆபரேஷன் செய்த டாக்டரைத் தேடிப்பிடித்து, மாப்பிள்ளையின் அப்பாவிடம் பேசவைத்து, ஒருவழியாக விஷயத்தை அடக்கினார். கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் 'யார் சொன்னது' என்ற கேள்வி மட்டும், சம்பந்தி வீட்டில் கேட்கவும் முடியாமல், அந்த வீட்டில் நின்றுவிட்டது. நடந்த எதுவும் பெண் காதுக்குப் போகக் கூடாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. கல்யாணப் பெண் அழுதால் முகம் வாடிவிடும் என்று பயம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, மீனை உரசிக்கொண்டே அத்தை என்னிடம் எல்லாவற்றையும் சொன்னது. கடைசியில் இப்படி முடித்தது.

"தெரிஞ்சது நம்ம நாலு பேருக்குத்தான். அதுல ஒங்கப்பா மண்ணுக்குள்ள போயிட்டாரு."

மீன் செதில் என் சட்டையில் தெறித்தது. அதைத் துடைக்கக்கூட அத்தை என் பக்கம் திரும்பவில்லை.

என்னைச் சந்தேகப்படுகிறார்களோ என்று சந்தேகப்பட்டேன். சந்தேகக்காரனை இன்னொருவர் சந்தேகப்படும்போது அவனுக்கு வருகிற எரிச்சல் தனி. அது என் தொழில், நீங்கள் எப்படி அதில் கைவைக்கலாம் என்று தோன்றும். பஸ்ஸில் திரும்பி வரும்போது என் பங்குக்கு எல்லோரையும் வரிசையில் நிறுத்தினேன். மாடியில் குடியிருந்த டீச்சரம்மா மேல் எனக்கு முதல் சந்தேகம். அவர் துணி காயப்போடும் இடத்திலிருந்து அத்தை வீட்டுக் கிணற்றடி அப்படியே தெரியும். அப்புறம் தரகர். செருப்பைக் கழற்றாமல் நின்றவரை எப்படி நம்புவது? கொள்ளிடம் தாண்டியிருந்தால் மாமாவையே சந்தேகப்பட்டிருப்பேன். நல்லவேளை, சிதம்பரம் வந்துவிட்டது.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் வாழ்த்து மடல் என்று ஒன்று உண்டு. நண்பர்களோ சொந்தக்காரர்களோ பாட்டு மாதிரி ஒன்றை எழுதி, பூ பார்டர் போட்டு அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் மாட்டி, தாலி கட்டி முடிந்ததும் மேடையில் மைக் பிடித்துப் படித்துக் கொடுப்பார்கள். அச்சகத்தில் அப்படி எத்தனையோ மடல்களைத் திருத்தியிருக்கிறேன். 'இல்லரம்' என்று வருவதை 'இல்லறம்' ஆக்கியே என் பேனா தேய்ந்தது. அத்தை மகளுக்கு நானே எழுதுவது என்று முடிவு செய்தேன்.

அந்தப் பொய்க்கு என் பதிலாக அது இருக்க வேண்டும் என்று நினைத்தேன். யார் எதைக் கட்டிவிட்டாலும் இந்தப் பெண் நன்றாக இருப்பாள், பிள்ளைகுட்டியோடு இருப்பாள், அவள் வீட்டுக் கொல்லையில் நிற்கிற அந்தத் தென்னை மாதிரி. இதைச் சொல்ல வேண்டும், ஆபரேஷனைத் தொடாமல் சொல்ல வேண்டும். யோசித்து யோசித்து ஒரு வரி வந்தது.

கோள்மலி தென்னைபோல் கூடிவாழ்க இல்லறம்.

கோள் என்பதற்கு இன்று எல்லோருக்கும் தெரிந்த அர்த்தங்கள் இரண்டுதான். ஒன்று வானத்தில் இருக்கிறது, மற்றொன்று வாயில் இருக்கிறது. மூன்றாவதாகப் பழைய தமிழில் ஓர் அர்த்தம் உண்டு. காய்ப்பு, குலை. குலை தள்ளி நிற்கிற தென்னையை அந்தக் காலத்தில் கோள் என்ற சொல்லை வைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். 'கோள்' என்று ஆரம்பித்தால் 'கூடி' என்பதோடு மோனை விழுகிறது. 'காய்மலி தென்னை' என்று எழுதித் தொலைத்திருக்கலாம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. எம்.ஏ. படித்த திமிர் விடவில்லை.

கல்யாணம் முதுநகரில் ஒரு மண்டபத்தில். மேளக்காரர்கள் ஓய்ந்ததும் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். முதல் வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா, பக்கத்தில் அவர் அண்ணன், அதாவது மாப்பிள்ளையின் தாய்மாமா. நல்ல குண்டு, நல்ல குரல். நான் முதல் இரண்டு வரியைப் படித்தேன், யாரும் கேட்கவில்லை, அதுதான் வழக்கம். மூன்றாவது வரிக்கு வந்து 'கோள்' என்று சொன்னேன். பாழாய்ப்போன மைக் சரியாக அந்த இடத்தில் வீலென்று கத்தியது. நான் நிறுத்தினேன். மண்டபம் அமைதியாகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து, அழுத்தமாக, "கோள் மலி" என்றேன். மலி என்றால் நிறைந்த என்று எல்லோருக்கும் தெரிகிறது. அதைச் சொல்லியே ஆக வேண்டும், எங்கள் ஜனங்களுக்குத் தமிழ் பாதி நன்றாகத் தெரியும்.

தாய்மாமா மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்கிறமாதிரி சொன்னார். "கோள் சொன்னவன் எவன்னு பொண்ணு வூட்ல தேடிக்கிட்டு இருக்காங்க, இங்க ஒருத்தன் மைக்குலயே வந்து சொல்றானே!"

மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். பெண் வீட்டார் சிரிக்கவில்லை. மாமா எழுந்து வந்து என் கையிலிருந்த சட்டத்தை வாங்கி, ஒரு நாற்காலியில் கண்ணாடி கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தார். மணப்பெண் மட்டும் ஒன்றும் புரியாமல், மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பந்திக் கட்டுக்குப் பின்னால், அண்டாக்கள் கழுவுகிற இடத்தில் அத்தை என்னைப் பிடித்தது.

"எம் பொண்ணு வயித்தப் பத்தி மேடையில ஏறிப் பாடுறியாடா?"

"அத்தை, கோள்னா நீங்க நெனைக்கிறது இல்ல. பழைய தமிழ்ல கோள்னா காய்ப்பு. நம்ம தென்னமரத்த வெச்சு..."

"காய்ப்பா?" அத்தையின் குரல் இறங்கிவிட்டது. "அவ காய்க்க மாட்டான்னு அங்க சொல்லி அனுப்பிட்டு, இங்க வந்து காய்ப்பப் பத்திக் குத்திக் காட்டுறியா? ஒனக்கு அவளக் குடுக்கலன்னா இந்த அளவுக்குப் போவியாடா நீ?"

தப்பான அர்த்தத்தில் நான் கோள்சொல்லி. சரியான அர்த்தத்தில் அதைவிட மோசம். இப்படி இரண்டு பக்கமும் வெட்டுகிற சொல்லை நான்தான் தேடிப் பிடித்துப் பூ பார்டர் போட்டிருக்கிறேன். சாப்பிடாமல் பஸ் ஏறினேன். அவமானத்தைவிட அழுகைதான் ஜாஸ்தியாக வந்தது. ஆலப்பாக்கம் வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் சிதம்பரத்திலேயே கழிந்தன. செம்மண்டலத்திலிருந்து அம்மாவுக்கு மட்டும் போன் வரும், அதுவும் எண்ணெய் இல்லாத விளக்கு மாதிரி ஒரு பேச்சு. நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். என்னை இப்படிச் செய்த சொல் யார், எங்கிருந்து வந்தது, அதன் குலம் கோத்திரம் என்ன என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் லைப்ரரிக்குப் போய்ப் பெரிய அகராதிகளை எடுத்துவைத்துக்கொள்வேன். போலீஸ்காரன் சந்தேகக் கேஸ் விசாரிப்பதுபோல் விசாரித்தேன்.

வேர் சுலபம். கொள் என்ற வினை நீண்டால் கோள். படு பாடு ஆவது போல, பெறு பேறு ஆவது போல. கொள் என்றால் எடுத்துக்கொள்வது, பிடித்துவைத்துக்கொள்வது. மரம் காயைத் தன்னிடம் எடுத்து வைத்துக்கொள்கிறது, ஆகவே அது கோள். கருக்கொண்டாள், சூல்கொண்டது என்றெல்லாம் இன்றும் எழுதுகிறோமே, அதே கொள்தான். வானத்தில் இருப்பதற்குக் கோள் என்று பேர் வந்தது அது மனுஷனைப் பிடித்துக்கொள்வதால் என்பார்கள், வெளிச்சத்தைக் கொள்வதால் என்றும் சொல்வார்கள். எனக்கு இரண்டிலும் முழு நம்பிக்கை இல்லை. கோள் சொல்லுவதற்கு எப்படி அந்தப் பேர் வந்தது என்பதை எந்த அகராதியும் எனக்குத் திருப்தியாகச் சொல்லவில்லை. ஒரு வாயிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து இன்னொரு காதில் போடுவதால் இருக்கலாம். இது என் ஊகம், இதை நம்ப வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன்.

தேடும்போது இன்னொரு சொல் அகப்பட்டது. கோளி. பூக்காமலே காய்க்கிற மரத்துக்குக் கோளி என்று பேர். ஆலமரம், அத்திமரம் எல்லாம் அந்த வகை. உண்மையில் அவை பூக்காமல் இல்லை, பூ வெளியே தெரியாது, அவ்வளவுதான். நம் கண்ணுக்குத் தெரிவது காய் மட்டும். அதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் மேல் விழுந்த பழியும் அப்படிப்பட்டதுதான். அது எங்கே பூத்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை, காயை மட்டும் பறித்து என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து ஆர்வத்தில் அம்மாவிடம் கோளியைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஊர்ப் பேச்சில் கோழிக்கும் கோளிக்கும் வித்தியாசம் கிடையாது. அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "பிராய்லரா, நாட்டுக் கோளியா?" என்றது. மறுநாள் அச்சகத்தில் முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன், அவரும் முட்டையைப் பற்றித்தான் கேட்டார். அத்தோடு அந்த ஆராய்ச்சியை யாரிடமும் பேசுவதில்லை என்று நிறுத்திக்கொண்டேன்.

சொல்லை விசாரித்ததுபோல் ஆட்களையும் விசாரித்தேன். விருத்தாசலத்துக்குப் பத்திரிகைக் கட்டு கொண்டுபோகிற சாக்கில் ஒருநாள் கம்மாபுரத்தில் இறங்கி, தரகரைத் தேடிப் பிடித்தேன். "எனக்கு எப்புடிப்பா தெரியும்? பையனோட அம்மா கேக்கச் சொன்னாங்க, கேட்டேன்" என்றார். அன்று செருப்பைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் பேசினார், அதனால் என் சந்தேகம் இன்னும் கூடியது. மாடி டீச்சரம்மா வீடு மாற்றிக்கொண்டு போனதாக அம்மா சொன்னபோது, மாட்டிக்கொள்வோம் என்று பயந்து போயிருப்பார் என்று நினைத்தேன். அவருக்கு டிரான்ஸ்ஃபர் ஆகியிருந்தது.

இதற்கு நடுவில் கல்யாணம் ஆன முதல் வருஷம் அவளுக்குக் குழந்தை இல்லை. கம்மாபுரத்தில் என்ன பேச்சு நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு மாதமும் அந்தப் பொய் உயிர் பிழைத்துக்கொண்டிருந்தது. நான் சாமி கும்பிடுகிற ஆளில்லை, ஆனாலும் தில்லைக்காளி கோயில் பக்கம் போகும்போது இரண்டு நிமிஷம் நின்றேன், அவளுக்காகவும் எனக்காகவும். 2009-இல் பெண் குழந்தை பிறந்தது. அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அச்சு அசல் ஒங்கப்பாவோட மூக்குடா" என்றது. பேர் வைப்பதற்கு எனக்குச் சொல்லவில்லை. பொய் செத்துவிட்டது, ஆனால் சொன்னவன் என்ற பேர் எனக்கே நின்றுவிட்டது.

2011 கடைசியில் வந்த புயல் எங்கள் மாவட்டத்தையே புரட்டிப் போட்டது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. கரண்ட் இல்லை, போன் இல்லை. செம்மண்டலத்திலிருந்து ஒரு தகவலும் வராததால் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஒங்கப்பா இருந்தா தங்கச்சி வூடு என்னா ஆச்சுன்னு போய்ப் பாத்திருப்பாரு. நீ போவியா, நான் கெளம்பட்டுமா?"

பஸ் ஓட ஆரம்பித்ததும் போனேன். வழியெல்லாம் மரங்களை அறுத்து ஓரத்தில் தள்ளியிருந்தார்கள். அத்தை வீட்டுச் சந்தில் நுழையும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு மேலே தெரிய வேண்டிய தென்னந்தலை தெரியவில்லை.

கதவு திறந்திருந்தது. அத்தை என்னைப் பார்த்தது, வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "கடையில கூரை பிச்சிகிட்டுப் போச்சு, மாமா அங்க நிக்கிறாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனது. நான் பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனேன். மரம் மதிலை உடைத்துக்கொண்டு நீளமாகக் கிடந்தது. தலைமாட்டில் காயும் இளநீரும் பிஞ்சுமாகச் சிதறிக் கிடந்தன. நடுவில் மணையைப் போட்டு உட்கார்ந்து அத்தை மகள் காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். கம்மாபுரத்திலும் நல்ல சேதம், அவள் அப்பா அம்மாவைப் பார்க்க வந்தவள் இங்கேயே தங்கிவிட்டிருந்தாள். மடியில் குழந்தை. மூக்கு அப்பாவுடையதேதான்.

"மாமா!" என்று எழுந்தாள். பிறகு குழந்தையிடம், "பெரியப்பாடி, பாரு" என்றாள். குழந்தை என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. எனக்கு அதை உடனே பிடித்துவிட்டது.

நானும் உட்கார்ந்து காய்களைப் பொறுக்கிப் போட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் புயலைப் பற்றிப் பேசினோம். குழந்தை வயிறு வலிக்கிறது என்று சிணுங்கியது. அவள் அதன் வயிற்றைத் தடவிவிட்டாள்.

"எளநி ஜாஸ்தி குடிச்சிட்டா. இவளுக்கு வயிறு வலின்னு வந்தாலே அவரு பயந்துடுறாரு மாமா, எனக்கு வந்தாப்புல அப்பெண்டிக்ஸா இருக்குமோன்னு. நான்தான் அப்பவே எல்லாத்தயும் சொல்லி வெச்சிட்டனே."

"எப்போ?" என்றேன்.

"நிச்சயம் ஆன கையோட. போன் வாங்கிக் குடுத்தாரில்ல, தெனம் பேசுவோம். வயித்துல தையல் இருக்குது, ஆபரேஷன் பண்ணதுன்னு நானே சொன்னேன். மறச்சிக் கட்டிக்கிட்டா நல்லாவா இருக்கும்? அவரு ஒண்ணும் சொல்லல. அவுங்கம்மாகிட்ட மட்டும் சொல்லி வெக்கிறேன்னாரு."

என் கையிலிருந்த காயை நான் கீழே வைக்கவே இல்லை. மாடி டீச்சரம்மா, தரகர், அவர் செருப்பு, எல்லோரும் ஒரே சமயத்தில் என் மண்டையிலிருந்து எழுந்து வெளியே போனார்கள். மகன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். வயிற்றில் ஆபரேஷன் என்றதும் அம்மா கர்ப்பப்பை என்று பயந்து, தரகரைக் கேட்கச் சொல்லியிருக்கிறார். கோள் சொன்னவர் என்று ஒருவருமே இல்லை.

"அத்தைக்குத் தெரியுமா, நீ சொன்னது?"

"அம்மாவுக்கா? கல்யாணத்துக்கு முன்னாடி போன்ல பேசுனது தெரிஞ்சாலே தோல உரிச்சிருக்கும். இப்ப வரைக்கும் தெரியாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆமா, நீ ஏன் மாமா இந்தப் பக்கமே வரதில்ல? அம்மாவக் கேட்டா, ஒன்ன அவனுக்குக் கட்டிக் குடுக்கலன்னு கோவம்னு சொல்லுது. நெசமா?" என்றாள்.

அவளுக்கு அந்தப் புரளியும் தெரியாது, தரகர் வந்ததும் தெரியாது. நான் எதற்காக விலக்கப்பட்டேன் என்று தெரியாமல், ஐந்து வருஷமாக என்னைக் கோபக்கார முறைமாமனாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அதுதான் மற்ற எல்லாவற்றையும்விட வலித்தது.

"வேலை ஜாஸ்தி" என்றேன்.

அவள் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. குழந்தை மறுபடி அழ, அதைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போனாள். அவள் போனதும் அத்தை பால் இல்லாத டீயோடு கொல்லைக்கு வந்தது. டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு, மரத்தின் மேலேயே உட்கார்ந்தது. அடிமரத்தைக் கையால் தடவியது.

"எம்மாம் காய்ப்பு காய்ச்ச மரம்."

நான் டீயைக் குடித்தேன். அத்தை ஒரு காய்ந்த பாளையைப் பிய்த்துப் போட்டது. பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டது.

"அன்னிக்கி நெசமாவே இந்த மரத்ததான் எழுதுனியா?"

"இந்த மரத்தத்தான் அத்தை."

"அந்த வார்த்தைக்குக் காய்ப்புன்னா அர்த்தம்?"

"ஆமா. காய எடுத்து வெச்சிக்கிறதுனால."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டது. "காலம்பூரா இதும் நெனப்புதான் எனக்கு. நீ அப்புடிப்பட்டவன் இல்லன்னு ஒரு மனசு சொல்லும், வேற யாருக்குத் தெரியும்னு ஒரு மனசு சொல்லும்." வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியது. "நீ இல்லன்னா, அத யாருதான்டா சொன்னது?"

வாசலில் அவள் குழந்தைக்கு ஏதோ வேடிக்கை காட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே வாக்கியம் போதும், என் பேர் சுத்தமாகிவிடும், ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பி வந்துவிடும், சங்கரா மீனும் வரும். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாய் வந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதைச் சொல்வதற்கு என்ன பேர் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாயிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து இன்னொரு காதில் போடுவது. மகள் ஒளித்துப் பேசினாள் என்று அத்தை நாளைக்கே சண்டைக்குப் போகும், மாப்பிள்ளையின் அம்மா வரைக்கும் போகும், அவள் நடுவில் நிற்பாள். ஐந்து வருஷமாக என்மேல் பழியாக மட்டும் இருந்த கோள், இப்போதுதான் முதல்முறையாக நிஜமாகவே என் கையில் இருந்தது.

"தெரியாது அத்தை" என்றேன்.

அத்தை என் முகத்தையே பார்த்தது. அன்று மண்டபத்தில் பார்த்த அதே பார்வை.

"பொய் சொல்ற. ஒனக்குத் தெரியும்டா. ஒன் மூஞ்சியே சொல்லுது."

இத்தனை வருஷத்தில் அத்தை என்மேல் பட்ட சந்தேகங்களில் அது ஒன்றுதான் சரி. நான் எழுந்து, காய்களை எடுத்துச் சாக்கில் போட ஆரம்பித்தேன்.